எங்கள் வளைவில் ஒரு வேகத்தடை இருக்கிறதாம்

போன வாரமும் வந்துவிட்டது. எங்கள் வார்டு வாட்ஸ்அப் குழுவில், காலை வணக்கப் பூங்கொத்துக்கும் யாரோ ஒருவரின் இரங்கல் செய்திக்கும் நடுவில், பேரூராட்சியின் முன்னேற்ற அறிக்கை. சாலைப் பணிகள், மக்கள் பாதுகாப்பு நிதி, முடிந்த வேலைகள், முடியப்போகிற வேலைகள் என்று நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில், "தண்ணீர்த் தொட்டி வளைவில் வேகத்தடை அமைத்தல்: பணி நிறைவுற்றது" என்று ஒரு வரி. பக்கத்தில் ஒரு புகைப்படம். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த வேகத்தடை, அதை ஒட்டி கையில் தூக்குவாளியோடு ரோட்டைக் கடக்கிற ஒரு பெண்.

அந்தப் பெண் என் தங்கை. அந்த வேகத்தடை இப்போது அங்கே இல்லை. இல்லாமல் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இதே படத்தோடு வருகிற மூன்றாவது அறிக்கை இது. படத்தில் தங்கை கட்டியிருக்கிற ஊதாச் சேலை கிழிந்து, என் மாவு மில்லில் மெஷின் துடைக்கிற துணியாகி, அதுவும் நைந்து குப்பைக்குப் போய்விட்டது. அறிக்கையில் மட்டும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. படத்துக்குக் கீழே முப்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். அந்த முப்பது பேரில் பாதிப்பேர் தினமும் அந்த வளைவு வழியாகத்தான் வண்டியில் போகிறார்கள். எனக்கு வாயில் நன்றாக வந்தது. குழுவில் அட்மின் கவுன்சிலர்தான் என்பதால் அடித்ததை அழித்துவிட்டேன். போனமுறை அழிக்காமல் அனுப்பியதற்கு என்னை ஒரு மாதம் குழுவைவிட்டு வெளியே வைத்திருந்தார்.

எங்கள் ஊர், உத்தமபாளையத்திலிருந்து தேவாரம் வழியாகப் போடி போகிற சாலையில் இருக்கிறது. ஊர் முடிகிற இடத்தில் தண்ணீர்த் தொட்டி. அதைச் சுற்றிக்கொண்டு சாலை முழங்கை மாதிரி மடங்குகிறது. மடங்குகிற இடத்தில் என் மாவு மில். மில்லுக்குப் பின்னால் என் வீடு, ஒட்டினாற்போல் தங்கை வீடு. விடிவதற்குள் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு எங்கள் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்புகள் தொட்டிப் பக்கம் நிற்கும். அதாவது எங்களுக்கு எதிர்ப்பக்கம். ஜீப் ஏற வேண்டுமென்றால் ரோட்டைக் கடக்க வேண்டும். சாயங்காலம் இறங்கினால் மறுபடியும் கடக்க வேண்டும். வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்ன வருகிறது என்பது அது மேலே வந்து விழுகிற வரைக்கும் தெரியாது.

ஜீப்காரர்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எட்டுப் பேர் உட்காருகிற வண்டியில் பதினெட்டுப் பேரைத் திணிப்பார்கள். திணித்துவிட்டு, மலைப்பாதையில் முந்திப் போகிறவனுக்கு ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரி ஒருவனை ஒருவன் முந்துவார்கள். அப்படி முந்திய ஒருத்தன்தான் என் தங்கையை அடித்தான். சாயங்காலம் அவள் இறங்கி, நின்றிருந்த ஜீப்புக்குப் பின்புறமாகக் கடந்திருக்கிறாள். பின்னால் வந்தவனுக்கு நிற்கப் பொறுமை இல்லை. ஒடித்து வெளியே வந்தான். வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது. தேனி பெரியாஸ்பத்திரியில் கம்பி வைத்து அனுப்பினார்கள். ஏழு மாதம் கழித்து எழுந்து நடந்தாள். அந்தக் கால் இன்றுவரை அவளோடு சேர்ந்து வருவதில்லை. அவள் ஒரு எட்டு வைத்தால் அது யோசித்துவிட்டுப் பின்னால் வரும். ஏலக்காய் எடுக்கச் சரிவில் ஏற முடியாது என்பதால், தோட்டத்து ஸ்டோரில் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிற வேலைக்கு மாற்றிக்கொண்டாள். வேலை உட்கார்ந்து பார்க்கிறதுதான். ஆனால் உட்காருகிற இடத்துக்குப் போக அந்த ரோட்டைக் கடக்க வேண்டுமே. நானோ நீங்களோ பத்து எட்டில் கடக்கிற ரோடு. அவளுக்கு அது நீளம்.

அவள் அடிபட்ட மறுநாள் ஊர் மறியல் செய்தது. ஆம்பளைகள் ஆளுக்கொரு திசையில் நின்று கத்திக்கொண்டிருந்தோம். பெண்கள் ஒன்றும் பேசாமல், வேலைக்குக் கொண்டுபோகிற தூக்குவாளிகளை ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வரிசையாக வைத்துவிட்டு அதற்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே சோறு இருக்கிறது. எந்த டிரைவருக்கும் அதன்மேல் ஏற்ற மனசு வரவில்லை. இரண்டு மணி நேரத்தில் அதிகாரிகள் வந்தார்கள். எங்கள் ஆம்பளைகள் கத்தியதால் வந்தார்கள் என்றுதான் அன்றைக்கு நாங்கள் பேசிக்கொண்டோம்.

முதலில் இரண்டு இரும்புத் தடுப்புகள் வந்தன. இரண்டிலும் ஒரு நகைக்கடை விளம்பரம். அவற்றையும் வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்துக்கு என்று எடுத்துப் போனார்கள், திரும்பவில்லை. அப்புறம், அலைய வேண்டிய அளவு அலைந்த பிறகு, பாதுகாப்பு நிதியில் வேகத்தடை வந்தது.

வந்த அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. மில்லுக்குள் உட்கார்ந்தபடியே கேட்பேன். ஒவ்வொரு ஜீப்பும் வளைவுக்கு முன்னால் கியர் மாற்றி, முனகி, ஏறி இறங்கிப் போகும். அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஒரு வாரம் போனபின் தங்கை, "நீ வரவேணாண்ணே, நானே போயிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கடந்தாள். நான் மில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பேரூராட்சி இன்ஜினியர் வந்து படம் எடுத்ததும் அந்த வாரம்தான். வெறும் வேகத்தடையை எடுத்தால் மேலே ஒத்துக்கொள்ள மாட்டார்களாம், பயன்படுத்துகிற ஆளும் தெரிய வேண்டுமாம். சாயங்காலம் வேலை முடிந்து ஜீப்பிலிருந்து இறங்கியவளைக் கடக்கச் சொன்னார். வெயில் முகத்துக்கு நேராக விழுகிறது என்று திரும்பி வந்து மறுபடியும் கடக்கச் சொன்னார். அப்புறம் தூக்குவாளியை இந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு இன்னொருமுறை. நொண்டுகிற காலோடு மூன்று தடவை நடந்தாள். பணி திருப்தியாக முடிந்தது என்ற தாளில், அப்பகுதி வசிப்பவர் என்று போட்டிருந்த இடத்தில், நான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. சாலையை அகலப்படுத்துகிற வேலை அந்தப் பக்கம் முடிந்துவிட்டது, அதைத் திறந்துவைக்க மந்திரி வருகிறார் என்றார்கள். கவுன்சிலர் என் மில்லுக்கு வந்தார். எனக்குத் தூரத்து உறவு. என்னைச் சித்தப்பு என்பார். வேலை இருக்கிற போது மட்டும் சித்தப்பு. அன்றைக்கு வந்ததும் வராததுமாக இரண்டு தடவை சித்தப்பு போட்டதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"மந்திரிக்கு இடுப்பு வலி, சித்தப்பு. வழியில இருக்கிற வேகத்தடையெல்லாம் எடுத்துரணும்னு சொல்லிட்டாக."

"யாரு சொன்னாக?"

"மேல இருந்து சொன்னாக. ஒரு வாரந்தான். அவுக போனதும் பழையபடி போட்டுருவோம். அதுவுமில்லாம, நம்ம வளைவுலதான் வண்டிய நிப்பாட்டப் போறாக. நீங்கதான் பொன்னாடை போத்துறீக. லைட்டு வேணும், நடுவுல தடுப்பு வேணும்னு ஒரு மனு எழுதிக் கையில குடுங்க. நின்ன எடத்துலயே கையெழுத்து வாங்கிருவோம்."

இப்படிச் சொல்லிவிட்டு ஒரு தாளை நீட்டினார். தற்காலிகமாக வேகத்தடையை அகற்றுவதில் பொதுமக்களாகிய எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. கீழே என் பெயர் முதலில். பொன்னாடை போர்த்தப் போகிறவன் அல்லவா.

தங்கை மில் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கவுன்சிலர் தாளை வைத்துவிட்டுப் போனதும் சொன்னாள்: "வேணாண்ணே. எடுத்தா எடுத்ததுதான். திரும்ப எவன் போடப் போறான்?"

"ஒனக்கு இதெல்லாம் தெரியாதுத்தா. மந்திரி கையில நேரா மனு குடுக்கிறதுன்னா சும்மாவா?" என்றேன்.

அவள் கீரைக் காம்புகளை முறத்தில் கூட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் கையெழுத்துப் போட்டுத் தாளைக் கவுன்சிலர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தோட்ட வேலை இல்லாத நாள். மதியம் மெஷின் வந்தது. போடுவதற்கு மாதக்கணக்கில் அலையவிட்டதை எடுக்கக் கால் மணி நேரம் ஆனது. மெஷின் டிரைவருக்கு நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மந்திரி வந்த நாளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சுருக்கமாகத்தான் இருந்தது. மில்லை மூடிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஜரிகை போட்ட சிவப்புப் பொன்னாடையைக் கையில் விரித்துப் பிடித்து நின்றேன். சட்டைப்பையில் மனு. இரண்டு பக்கத்திலும் ஊர். கொட்டுக்காரர்கள் வேறு. பத்து மணிக்கு என்றார்கள். ஒன்றரைக்குச் சைரன் கேட்டது. கொட்டு முழங்க ஆரம்பித்தது. நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன். வண்டிகள் வளைவைத் திரும்பின, போயின. எந்த வண்டியில் அவர் இருந்தார் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. நான் விரித்துப் பிடித்திருந்த பொன்னாடை காற்றில் என் முகத்திலேயே சுற்றிக்கொண்டது. அதை விலக்குவதற்குள் ரோடு காலி.

கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்: "அந்த வேகத்தடை இருந்திருந்தா, மெதுவாவாச்சும் போயிருப்பாக. நாம மூஞ்சியவாச்சும் பாத்திருக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது. மந்திரி போகிற வழியில் அவரை நிற்கவைக்கக்கூடிய ஒரே பொருள் அந்த வேகத்தடைதான். அதை எடுத்துவிட்டு, அவர் நிற்பார் என்று கொட்டடித்துக் காத்திருந்த ஊர் எங்கள் ஊர். அவர் எங்களை ஏமாற்றவில்லை. நாங்கள் அவருக்கு வழியை ஒதுக்கிக் கொடுத்தோம், அவர் போனார்.

ஒரு வாரம், இரண்டு வாரம், தீபாவளி, பொங்கல். கவுன்சிலர் என்னைக் கண்டால் போனைக் காதில் வைத்துக்கொண்டார். அலுவலகத்துக்கே போனேன். படம் எடுத்த அதே இன்ஜினியர். மரியாதையாகத்தான் நாற்காலி கொடுத்தார். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"ரெக்கார்டுல வேகத்தடை இருக்குங்க. இருக்கிற எடத்துல இன்னொன்னு போடணும்னு எழுதுனா மேல என்னையத் திருப்பிக் கேப்பாக."

"நேர்ல வந்து பாருங்க சார். இல்ல."

"இல்லன்னு நான் எழுதணும்னா, யாரு எடுத்ததுன்னும் எழுதணும். எடுக்கச் சொல்லி எங்க ஆபீஸ்ல உத்தரவு எதுவும் கெடையாது."

"வாயால சொன்னாகல்ல?"

"வாயால சொன்னத நான் எங்க போயி ஒட்டுறது? உத்தரவு இல்லாம எடுத்திருந்தா அது பொதுச் சொத்தச் சேதப்படுத்துனது. எங்ககிட்ட இருக்கிறது ஒரே ஒரு தாளு. அதுல மொதக் கையெழுத்து உங்களுது. எடுத்த ஆளு இன்னாருன்னு இருந்தா, சேதம்னு எழுதி, புதுசுக்கு இன்னைக்கே போட்டுருவேன். சொல்லுங்க, போடவா?"

சிரித்துக்கொண்டே கேட்டார். மிரட்டுகிறாரா, கிண்டல் பண்ணுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. எழுந்து வந்துவிட்டேன். என் காதில் பூச்சுற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என் கையாலேயே பூத்தொடுத்து வாங்கிச் சுற்றுகிறவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அன்றையிலிருந்து நான்தான் வேகத்தடை. காலையில் ஐந்தரைக்கும் சாயங்காலம் ஆறு மணி வாக்கிலும் ரோட்டு நடுவில் போய் நிற்பேன். கையில் மந்திரிக்கு வாங்கிய பொன்னாடை. வேறு எதற்கும் அது உதவவில்லை. சிவப்பாக இருக்கிறது, ஜரிகை வண்டி வெளிச்சத்தில் மினுங்குகிறது, நாலு வண்டி தூரத்திலேயே தெரிகிறது. அதைத் தூக்கி ஆட்டினால் வண்டிகள் நிற்கும். தங்கை கடப்பாள். ஜீப்காரர்கள் என்னைப் பேசாத பேச்சில்லை. "யோவ் பெருசு, சாகுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுச்சா?" என்பான் ஒருத்தன். "பொன்னாடைய எனக்குப் போத்து, நின்னு வாங்கிக்கிறேன்" என்பான் இன்னொருத்தன். நானும் சும்மா இருப்பதில்லை. அவன் ஆத்தாளையும் அப்பனையும் இழுத்துத்தான் பதில் சொல்வேன். ஐம்பத்தெட்டு வயதில் விடியற்காலையில் நடுரோட்டில் நின்று கெட்டவார்த்தை பேசுகிற ஆளாக என்னை ஆக்கிவிட்டார்கள். அறிக்கையில் இதற்கு ஒரு வரி கிடையாது.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. முதல் இரண்டு நாள் தங்கை வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள், இனிமேலும் வராவிட்டால் வேறு ஆளை உட்காரவைத்துவிடுவோம் என்று தோட்டத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். எனக்குச் சொல்லாமல் கிளம்பிவிட்டாள். நான் போர்வைக்குள் கிடந்தபடி பிரேக் அலறுகிற சத்தத்தைக் கேட்டேன். எப்படி எழுந்தேன், எப்படி வாசலுக்கு வந்தேன் என்று தெரியாது. அவள் நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒன்றும் இல்லை. தூக்குவாளி நசுங்கித் தட்டாகித் தார் மேல் கிடந்தது. சோறு ஒரு கஜ தூரத்துக்குச் சிதறியிருந்தது. ஜீப்காரன் இறங்கக்கூட இல்லை, சுற்றிக்கொண்டு போய்விட்டான். நல்ல காலை எடுத்துவைத்துவிட்டாளாம். மற்றதை இழுப்பதற்குள் அவன் வந்துவிட்டானாம். வாளி அந்தக் காலுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்ததாம், வண்டி இடித்தது அதைத்தான்.

அவள் அழவில்லை. நசுங்கிய வாளியை எடுத்துக்கொண்டுபோய்ப் பாத்திரம் தேய்க்கிற இடத்தில் வைத்தாள். அதை இன்னும் அங்கேயேதான் வைத்திருக்கிறாள். தூக்கிப் போடச் சொன்னால், இருக்கட்டும் என்கிறாள்.

அதற்கு அடுத்துத்தான் போன வாரம் இந்த அறிக்கை வந்தது. பணி நிறைவுற்றது. அதே படம், அதே ஊதாச் சேலை, அவள் கையில் அதே தூக்குவாளி. நசுங்காத தூக்குவாளி. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்ஜினியர் சிரித்துக்கொண்டே கேட்டது நினைவுக்கு வந்தது. எடுத்த ஆள் இன்னார் என்று இருந்தால் புதிதாகப் போடலாம். சரி, ஆள்தானே வேண்டும்?

வெள்ளைத்தாள் எடுத்து உட்கார்ந்தேன். திங்கட்கிழமை தேனியில் மனு நாள். கலெக்டர் ஆபீஸில் கொடுத்து, முத்திரை வாங்கிவிட்டால் யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. பொய்தான் எழுதப்போகிறேன், எழுதுவதை அழுத்தமாக எழுதுவோம் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். தண்ணீர்த் தொட்டி வளைவில் அரசு அமைத்த வேகத்தடையை எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். என் தங்கை வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் போட்டேன். எடுக்க வந்த மெஷினை ஓரம்கட்ட என் மில் வாசலை ஒழித்துக் கொடுத்தேன். ஆகவே அது சேதமானதற்கு நானே பொறுப்பு. என் மேல் என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இப்போது வேகத்தடை இல்லை என்று மட்டும் தயவுசெய்து எழுதுங்கள்.

எழுதி முடித்து வாசித்துப் பார்த்தேன். பொய் எழுத உட்கார்ந்தவன், ஒரு பொய்கூட எழுதியிருக்கவில்லை.

தங்கையைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவள் மில் வாசல்படியில் கால் நீட்டி உட்கார்ந்து, முழங்காலை நீவிக்கொண்டே கேட்டாள். கேஸ் வருமே, வேண்டாம் அண்ணே என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசையாகவும் இருந்தது.

"கடப்பாரைய விட்டுட்டியேண்ணே" என்றாள்.

மெஷின் போன பிறகு, எங்கள் வாசல் பக்கத்து ஓரத்தில் ஒரு சாண் அளவுக்கு வேகத்தடை மிச்சம் இருந்தது. அதை அப்படியே விட்டிருக்கலாம். மந்திரி வண்டி ஓரம்கட்டி நிற்கும்போது சக்கரம் அதில் ஏறிக் குலுங்கிவிடக் கூடாதே என்று, மில்லிலிருந்து கடப்பாரையைக் கொண்டுவந்து நானே பெயர்த்துப் போட்டேன். நாலு குத்து. ஊர் சாப்பிடப் போயிருந்த நேரம். யாரும் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தியா?" என்றேன்.

"இங்கனதான ஒக்காந்திருந்தேன்."

இரண்டு வருஷத்துக்கு மேலாகக் காலையும் மாலையும் நான் பொன்னாடையைத் தூக்கிப் பிடித்து நிற்க, அவள் என்னைத் தாண்டித்தான் ரோட்டைக் கடந்திருக்கிறாள். ஒருநாள்கூட அதைச் சொன்னதில்லை.

தாளைத் திருப்பி வைத்து, மீந்துபோன கடைசிச் சாணை நானே கடப்பாரையால் பெயர்த்தேன் என்று எழுதிச் சேர்த்தேன். வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.